தேய்ந்துபோன வேடிக்கைகளில் எதை வைத்துக்கொள்வது? அனிமேஷன் தொடர் எழுதுவோருக்கு ஓர் ஒப்பீடு

அனிமேஷன் தொடருக்கு நகைச்சுவை எழுதத் தொடங்கியிருக்கும் வாசகர்கள் சிலர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். முதல் சில எபிசோடுகள் எழுதி முடித்தாயிற்று. ஆனால் திருப்பிப் படித்தால் எல்லாமே எங்கோ பார்த்ததுபோல் இருக்கிறது. மக்கு அப்பா, ஒரே வசனத்தை ஓயாமல் சொல்லும் துணைப் பாத்திரம், கதை நடுவே சம்பந்தமில்லாமல் வந்து போகும் காட்சி, பிரபலமான படத்தைக் கிண்டல் செய்யும் ஐந்து நிமிடங்கள். இவற்றில் எதைத் தூக்கி எறிவது, எதை வைத்துக்கொள்வது?

எல்லாவற்றையும் எறிய வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். 1960இல் 'தி ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்' தொடங்கிய காலம் முதல் தொலைக்காட்சி அனிமேஷன் ஏறக்குறைய கீழே வரும் ஆறு வழக்கங்களை வைத்துத்தான் சிரிக்க வைத்திருக்கிறது. பார்வையாளருக்குச் சலிப்பு எங்கே வருகிறது என்று கூர்ந்து பார்த்தால், யார் வாயில் வைத்தாலும் பொருந்துகிற வேடிக்கையிலும், வந்து போன பின் கதையில் ஒரு கீறல்கூட விடாத வேடிக்கையிலும்தான் வருகிறது. அந்த இரண்டு குறையும் இல்லாவிட்டால் நூறு முறை வந்த வேடிக்கையும் தாங்கும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது பாத்திரம். இந்த வேடிக்கையை அப்படியே எடுத்து வேறொரு தொடரின் வேறொரு பாத்திரத்திடம் கொடுத்தால் அங்கும் ஓடுமா? ஓடும் என்றால் அது உங்கள் பாத்திரத்தின் சொத்து இல்லை.

இரண்டாவது கதை. 'சவுத் பார்க்' தொடரின் ட்ரே பார்க்கரும் மாட் ஸ்டோனும் 2011இல் நியூயார்க்கில் மாணவர்களிடம் ஓர் எளிய சோதனையைச் சொன்னார்கள். இரண்டு காட்சிகளுக்கு நடுவே "அப்புறம்" என்ற சொல்தான் பொருந்துகிறது என்றால் அந்தக் கதை எடுபடாது. "ஆகையால்" அல்லது "ஆனால்" பொருந்த வேண்டும். நகைச்சுவைக்கும் இது அப்படியே பொருந்தும். வேடிக்கை முடிந்த பிறகு அடுத்த காட்சி "ஆகையால்" என்று தொடங்க முடிகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது தயாரிப்புச் செலவு. எழுத மலிவாக இருப்பது வரைய மலிவாக இருப்பதில்லை. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அரை மணி நேர இடத்தில் விளம்பரம் போக மிஞ்சுவது ஏறத்தாழ 22 நிமிடம். அதில் செலவழிக்கும் வினாடிகளும் செலவுக் கணக்கில் சேரும்.

நான்காவது ஆயுள். மறு ஒளிபரப்பில், வேறு மொழிக் குரலில், பத்தாண்டு கழித்துப் பார்க்கும் குழந்தையிடம் இது பிழைக்குமா?

| வழக்கம் | பாத்திரத்திலிருந்து வருகிறதா | கதையை நகர்த்துமா | மறைந்திருக்கும் செலவு | ஆயுள் |
|---|---|---|---|---|
| இடைச்செருகல் காட்சி | பெரும்பாலும் இல்லை | அரிது | பத்து வினாடிக்குப் புதிய பின்னணி, புதிய உருவங்கள் | நடுத்தரம் |
| பல்லவி (மீண்டும் மீண்டும் வருவது) | ஆம், நன்றாக எழுதினால் | மாறிக்கொண்டே வந்தால் | வில்லன் பயமுறுத்த முடியாமல் போவது | நீண்டது |
| அடி, உதை, விழுதல் | எழுதுபவரைப் பொறுத்தது | ஓரளவு | நிறைய ஓவியங்கள், ஒளிபரப்புக் கட்டுப்பாடு | மிக நீண்டது |
| பிறர் படைப்பைக் கேலி செய்வது | இல்லை | முழுக் கதையாக எடுத்தால் | தயாராவதற்குள் பழசாகிவிடுவது | குறுகியது |
| தொடர் தன்னையே கிண்டல் செய்வது | இல்லை | மிக அரிது | பார்வையாளரின் ஈடுபாடு | நடுத்தரம் |
| ஒற்றைக் குணத்தை ஊதுவது | தொடக்கத்தில் ஆம் | நாளடைவில் நிறுத்திவிடும் | பாத்திரமே | தேய்ந்துகொண்டே போகும் |

## இடைச்செருகல் காட்சி

1999இல் தொடங்கிய 'ஃபேமிலி கை' இந்த வழக்கத்துக்கு அடையாளமாகிவிட்டது. அந்தக் குடும்பத்தின் அப்பாவான பீட்டர் எதையாவது பழைய சம்பவத்தோடு ஒப்பிடுவார். உடனே காட்சி வெட்டப்பட்டு அந்தச் சம்பவம் பத்து வினாடி ஓடும். மறுபடி வரவேற்பறை. யாரும் எதுவும் நடந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

2006இல் 'சவுத் பார்க்' இதை இரண்டு எபிசோடுகளில் வைத்து வாட்டியது. அங்கே 'ஃபேமிலி கை' எழுத்தாளர்கள் தொட்டியில் வாழும் கடற்பசுக்கள். சொற்கள் எழுதிய பந்துகளில் ஏதோ சிலவற்றை அவை தள்ளிவிடும். அந்தச் சொற்களைக் கோத்தால் ஒரு நகைச்சுவை தயார். கடுமையான குற்றச்சாட்டு. ஆனால் முதல் இரண்டு அளவுகோல்களின்படி சரியான குற்றச்சாட்டு. செருகப்பட்ட காட்சியை எடுத்துவிட்டாலும் கதை அப்படியே இருக்கும். வேறோர் எபிசோடில் வைத்தாலும் அங்கேயும் பொருந்தும்.

அப்படியிருந்தும் 'ஃபேமிலி கை' 2002இல் நிறுத்தப்பட்டு, டிவிடி விற்பனையும் மறு ஒளிபரப்பும் தந்த பலத்தில் 2005இல் திரும்பி வந்து, இருபது பருவங்களை (சீசன்களை) தாண்டியது. எபிசோடின் எந்த இடத்தில் வந்து அமர்ந்தாலும் அடுத்த அரை நிமிடத்துக்குள் முழுமையான ஒரு சிரிப்பு கிடைக்கும் என்பது பார்வையாளருக்கு உண்மையான வசதி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? வரவேற்பறையின் பின்னணியை ஒருமுறை வரைந்தால் ஆண்டுக்கணக்கில் பயன்படும். இடைச்செருகலுக்குப் புதிய இடம் வேண்டும், புதிய உடை வேண்டும், மறுபடி வரவே போகாத நான்கு உருவங்கள் வேண்டும். வசனத்தில் ஒரே வரியாக இருப்பது வடிவமைப்புப் பிரிவில் பல நாள் வேலையாகிவிடும். சிறிய குழுவுக்கு இது தாங்காது. இன்னொரு செலவு இதைவிடப் பெரியது. கதையில் பதற்றம் ஏறும்போதெல்லாம் ஒரு செருகல் வந்து இறக்கிவிட்டால், இங்கே எதற்கும் கவலைப்பட வேண்டாம் என்று பார்வையாளர் பழகிவிடுவார். பிறகு நீங்கள் அழவைக்க நினைக்கும் காட்சியில் அவர் கை ரிமோட்டில் இருக்கும்.

இதே வழக்கத்தை அருமையாகச் செய்த தொடரும் உண்டு. 2007இல் தொடங்கிய 'ஃபினியஸ் அண்ட் ஃபெர்ப்' தொடரில் டூஃபன்ஷ்மர்ட்ஸ் என்றொரு தோற்றுப்போன விஞ்ஞானி வருவார். தன்னுடைய ஒவ்வொரு தீய இயந்திரத்துக்கும் காரணமாக ஒரு சிறுவயதுக் கதையைச் சொல்வார்; உடனே காட்சி வெட்டி அந்தக் கதைக்குப் போகும். குடும்பத் தோட்டத்தின் குள்ளப் பொம்மையைக் கடனுக்காகப் பறிமுதல் செய்து போய்விட, அதன் இடத்தில் சிறுவனை நிற்க வைத்துவிடுகிறார்கள். கூம்புத் தொப்பி போட்டு, அசையாமல், இரவெல்லாம். தன் பிறப்புக்குத் தன் பெற்றோரே வரவில்லை என்பது இன்னொரு கதை. ஒவ்வொன்றும் அபத்தம். ஆனால் எல்லாம் ஒரே மனிதனுடைய அபத்தம். இயந்திரம் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கும் அதுவே விடை. ஐந்தாறு கதைகள் கேட்ட பிறகு அந்த வில்லன் மேல் நமக்குப் பரிவு வந்துவிடுகிறது. இடைச்செருகல் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை இதுதான்.

ஆகவே கதை இறுக்கமாக இல்லாத, துண்டு துண்டாக ரசிக்க வேண்டிய தொடர் என்றால் இதை எடுக்கலாம். அல்லது பேசுகிறவரின் கடந்த காலத்தைத் திறக்க மட்டும் பயன்படுத்துவதாக இருந்தால் எடுக்கலாம்.

## பல்லவி: மீண்டும் மீண்டும் வரும் வேடிக்கை

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மிக மோசமாகக் கையாளப்படுவதும் இதுதான்.

முதலில் ஒரே காட்சிக்குள் திரும்பி வருவதைப் பார்ப்போம். 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் 1993ஆம் ஆண்டு எபிசோடு ஒன்றில் சைட்ஷோ பாப் என்ற வில்லன் பழிவாங்கக் கிளம்பி வருகிறார். காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து ஓர் அடி வைக்கிறார். தரையில் கிடக்கும் குப்பை வாரியின் பற்களில் கால் பட, அதன் கைப்பிடி எழும்பி முகத்தில் அறைகிறது. ஓர் உறுமல். திரும்புகிறார், இன்னொரு வாரி. மறுபடி அறை, மறுபடி அதே உறுமல். இப்படி 9 முறை. எபிசோடின் நேரம் போதாததால் அதை நிரப்பத்தான் இந்தக் காட்சியை இழுத்தார்கள். முதல் இரண்டு அடிக்குச் சிரிக்கிறோம். நான்காவதில் போதும் என்று தோன்றுகிறது. ஆறு, ஏழு என்று போகும்போது, இவ்வளவு தூரம் போகத் துணிந்துவிட்டார்களே என்ற வியப்பிலேயே மறுபடி சிரிப்பு வந்துவிடுகிறது.

ஆனால் எண்ணிக்கை மட்டும் இதைச் செய்யவில்லை. சைட்ஷோ பாப் படித்தவர், இசை நாடக ரசிகர், தன் பண்பாட்டில் பெருமை கொண்டவர், எல்லாவற்றையும் திட்டமிட்டுச் செய்பவர். அந்த மனிதர் தோட்டக் கருவிகளைத் தாண்ட முடியாமல் நிற்கிறார். அந்த உறுமலில் வலியைவிட மானக்கேடு அதிகம். அதே 9 அடியை ஏற்கெனவே முட்டாளாகத் தெரிந்த ஒருவருக்குக் கொடுங்கள், மூன்றாவதோடு முடிந்துவிடும்.

எபிசோடு தோறும் வரும் பல்லவி வேறு வகை. 1969இல் வந்த 'ஸ்கூபி-டூ' முகமூடியைக் கழற்றி முடித்தது. 1997இல் தொடங்கிய 'போக்கிமான்' தொடரில் ராக்கெட் குழு தன் முழக்கத்தைச் சொல்லி வந்து, கடைசியில் வானத்தில் ஒரு மினுக்கலாக மறைந்துபோகும். தயாரிப்பாளருக்கு இதில் நேரடி லாபம் உண்டு. அறிமுக முழக்கத்தின் படங்களைத் திரும்பப் பயன்படுத்தலாம். குழந்தைகளுக்கும் காத்திருக்க ஒரு தருணம் கிடைக்கும். செலவு வேறு இடத்தில் விழுகிறது. இன்றைக்கும் பறந்துபோவார்கள் என்று தெரிந்த பின் அந்த வில்லன்களைப் பார்த்து யாருக்கும் பயம் வராது. உண்மையான ஆபத்து தேவைப்படும் கதைக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக வேறு வில்லனைக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

'ஃபினியஸ் அண்ட் ஃபெர்ப்' இந்தச் சிக்கலை அழகாக அவிழ்த்தது. விஞ்ஞானியின் இயந்திரம் ஒவ்வொரு முறையும் உடையும், அது பல்லவி. அப்படி உடையும்போது ஏற்படும் விளைவுதான் தொடரின் நாயகர்களான இரண்டு சகோதரர்களும் கொல்லையில் கட்டிய பிரம்மாண்டத்தை மறையச் செய்யும். ஆகையால் அக்கா கேண்டஸால் அம்மாவிடம் அதைக் காட்ட முடியாது. அந்த "ஆகையால்" ஒவ்வொரு வாரமும் புதிய வழியில் வருகிறது. முடிவு தெரிந்தும், எந்த வழியாக அங்கே போகப்போகிறார்கள் என்பதற்காகவே பார்க்கிறோம்.

பல்லவியை உடைப்பதும் ஒரு கலை. 'சவுத் பார்க்' தொடரில் கென்னி என்ற சிறுவன் எபிசோடுக்கு எபிசோடு சாவான். நண்பர்கள் அதே இரண்டு வரிகளைச் சொல்வார்கள். அடுத்த வாரம் ஒன்றுமே நடக்காததுபோல் வந்து நிற்பான். 2001 இறுதியில் அவனுக்குத் தீராத நோய் வந்தது. மருத்துவமனைப் படுக்கை, அழுகின்ற நண்பர்கள். அந்தச் சாவை வேடிக்கையாக்கவில்லை, ஏறக்குறைய ஓராண்டு அவன் திரும்பவும் இல்லை. 2010இல் இன்னும் ஒரு படி போனார்கள். செத்த ஒவ்வொரு முறையும் கென்னிக்கு நினைவிருக்கிறது, வலித்தது, ஆனால் மற்றவர்கள் யாருக்கும் அது நினைவில்லை என்று தெரியவந்தது. அதுவரை சிரித்த சிரிப்பெல்லாம் ஒரு நொடியில் கனத்துப்போனது. பத்தாண்டுக்கு மேல் சேர்த்து வைத்த வேடிக்கையை ஒரே இடத்தில் இவ்வளவு துணிச்சலாகச் செலவழித்த வேறொரு தொடரை நான் பார்த்ததில்லை.

அளவோடு நிறுத்துவது இன்னொரு வழி. 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' 61 எபிசோடுகள் கொண்டது. அதில் முட்டைக்கோஸ் வியாபாரி ஒருவர் வருவார். நாயகர்களின் சண்டையில் அவர் வண்டி உடையும். அவர் தன் முட்டைக்கோஸுக்காகக் கதறுவார். இது மொத்தமே சில முறைதான். அதனால்தான் அந்த வண்டி திரையின் ஓரத்தில் தெரிந்தாலே சிரிப்பு தொடங்கிவிடுகிறது. அடுத்த தலைமுறைக் கதையான 'தி லெஜண்ட் ஆஃப் கோரா'வில் அவர் பெயர் சொல்லும் பெரிய தொழில் நிறுவனமும், அவருக்கு ஒரு சிலையும் இருக்கின்றன. 'போஜாக் ஹார்ஸ்மேன்' முதல் பருவத்தில் போஜாக் குடிபோதையில் ஹாலிவுட் மலைப்பலகையின் கடைசி எழுத்தைத் திருடிவிடுகிறான். அதன் பிறகு எல்லோரும் அந்த எழுத்தில்லாமலே ஊர்ப் பெயரைச் சொல்கிறார்கள், அச்சிடுகிறார்கள். கடைசிப் பருவத்தில் அந்த இடத்தில் வேறு தவறான எழுத்து வந்து நிற்கிறது. ஒரு சில்லறை வேடிக்கை ஆறு பருவங்களுக்கு உலகத்தையே மாற்றி வைத்தது.

மொழிமாற்றத்தையும் மறக்க வேண்டாம். சொல் விளையாட்டில் நிற்கும் பல்லவி வசனம் அடுத்த மொழிக்குப் போகும்போது வாயசைவுக்கும் பொருந்த வேண்டும், எல்லா எபிசோடிலும் ஒரே மாதிரியும் இருக்க வேண்டும். பல மொழிபெயர்ப்பாளர்கள் கைமாறும்போது அது சிதறிப்போகிறது. 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் அப்பா ஹோமரின் புகழ்பெற்ற 'டோ!' என்ற முனகல் 2001இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியிலேயே ஏறியது. ஆனால் வசனத்தாளில் அதை 'எரிச்சல் முனகல்' என்ற பொருளில் ஒரு குறிப்பாகத்தான் எழுதுவார்கள். வெறும் ஒலி என்பதால் எந்த மொழிக் குரலும் அதைத் தன் வழியில் சொல்லிவிட முடிகிறது.

பழகிப்போன பல்லவி, காலம் மாறியதை எழுதுகிறவரின் கண்ணிலிருந்து மறைத்தும்விடும். 'டோரேமான்' தொடரில் எங்கும் போகும் கதவைத் திறந்தால் நோபிதா ஷிசுகாவின் குளியலறையில் போய் நிற்பது பல்லாண்டு ஓடிய வேடிக்கை. ஒரு சிறுமியின் அந்தரங்கம் அதில் பணயமாகிறது. இன்று குழந்தையோடு அமர்ந்து பார்க்கும் பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கத்தான் வேண்டும். பல்லவி வைக்கும்போது அடிபடுகிறவர் யார் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

## அடி, உதை, விழுதல்

எல்லை தாண்டுவதில் இதற்கு இணை இல்லை. பிரான்ஸில் உருவான 'ஆகி அண்ட் தி காக்ரோச்சஸ்', பிரிட்டனின் 'ஷான் தி ஷீப்' இரண்டும் வசனமே இல்லாமல் உலகம் சுற்றின. மொழிமாற்றச் செலவு கிட்டத்தட்ட இல்லை.

ஆனால் இது மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். திரையரங்குக் குறும்படங்களாக வந்த காலத்தில் 'டாம் அண்ட் ஜெர்ரி' 7 ஆஸ்கர் விருதுகள் பெற்றது. வினாடிக்கு 24 படச்சட்டங்களில் ஒவ்வோர் அடியின் நேரத்தையும் அளந்து வரைந்த காலம் அது. அடிக்கு முன் ஒரு சிறு நிறுத்தம், உடல் நசுங்குவது, மீள்வது என்று அத்தனையையும் வரைய வேண்டும். தொலைக்காட்சிக்கு வந்தபோது பணமும் நேரமும் சுருங்கின. தலையும் வாயும் மட்டும் அசைய, உடல் அப்படியே நிற்கும் முறை வந்தது. தொலைக்காட்சி அனிமேஷன் வாய்ச்சொல்லை நம்பிப் போனதற்குப் பெரிய காரணம் இதுதான். நேரம் தவறிய அடி வெறும் வன்முறையாகத்தான் தெரியும்.

ஒளிபரப்புக் கட்டுப்பாடு இன்னொரு தடை. 1975இல் தொலைக்காட்சிக்கென்று புதிதாக எடுத்த 'டாம் அண்ட் ஜெர்ரி'யில், வன்முறை பற்றிய கெடுபிடியால், பூனையும் எலியும் நண்பர்களாகிவிட்டார்கள். ஜெர்ரி கழுத்தில் சிவப்பு வில் டை. துரத்தல் போனதும் அந்தத் தொடரின் உயிரும் போய்விட்டது. உங்கள் வேடிக்கை முழுவதும் அடியில் நிற்கிறது என்றால், ஒரு சுற்றறிக்கையில் அது பறிபோகக்கூடும்.

ஜப்பானியத் தொடர்கள் ஒரு குறுக்குவழி கண்டன. நெற்றியில் ஒரு பெரிய வியர்வைத் துளி, திடீரெனக் குறுகிப் பொம்மையாகும் உடல், கால் மேலே தெரியக் குப்புற விழுவது. வரைவது எளிது, பொருளும் உடனே விளங்கும். இவையும் தேய்ந்தவைதான். ஆனால் 2015இல் வந்த 'ஒன் பஞ்ச் மேன்' இதை வைத்தே ஒரு பாத்திரத்தைக் கட்டியது. சுற்றிலும் எல்லோரும் நுணுக்கமான நிழலோடு, நரம்பு புடைக்க நிற்க, சைட்டாமாவின் முகம் மட்டும் இரண்டு புள்ளியும் ஒரு கோடுமாக இருக்கும். எதிரியின் மிரட்டல் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை என்பதை அந்த எளிய கோடே சொல்லிவிடுகிறது.

## பிறர் படைப்பைக் கேலி செய்வது

இதன் சிக்கல் காலம். வசனம் எழுதுவதிலிருந்து ஒளிபரப்பு வரை ஒரு சாதாரண எபிசோடுக்குப் பல மாதங்கள் ஆகும். இன்று எல்லோரும் பேசுகிற படம் அன்று யாருக்கும் நினைவிருக்காது. 'சவுத் பார்க்' ஓர் எபிசோடை ஏறக்குறைய ஆறே நாளில் முடிப்பதால் தப்பிக்கிறது. 2008 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்த மறுநாளே ஒபாமாவின் வெற்றியை வைத்து எபிசோடு வந்தது. ஆனால் அந்த வேகத்துக்கும் விலை உண்டு. 2016இல் ஹிலாரி கிளின்டன் வெல்வார் என்று எழுதி வைத்திருந்ததை, முடிவு மாறியதும் ஒரே இரவில் திருத்த வேண்டியதாயிற்று. அந்தத் திறனும் அப்படிப்பட்ட குழுவும் இல்லாதவர்கள் அன்றாடச் செய்தியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

படங்களைக் கேலி செய்ய ஒரு சோதனை போதும். மூலத்தைப் பார்க்காதவர் சிரிப்பாரா? மேலே சொன்ன சைட்ஷோ பாப் எபிசோடு முழுவதுமே ஒரு திகில் படத்தின் கேலி நகல். அந்தப் படத்தின் பெயர்கூடத் தெரியாமல் அதைப் பார்த்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். குப்பை வாரிக்குச் சிரிக்கவும் செய்கிறார்கள். மூலத்தை அடையாளம் கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமைக்காக மட்டும் சிரிக்க வைக்கும் காட்சியை வெட்டிவிடுங்கள்.

## தொடர் தன்னையே கிண்டல் செய்வது

பாத்திரம் திரையைப் பார்த்து, "நம் எழுத்தாளர்களுக்கு வேறு யோசனை கிடைக்கவில்லை போலும்" என்று சொல்வது. குறையைத் தானே ஒப்புக்கொண்டால் குறை போய்விடும் என்ற நம்பிக்கைதான் இதற்கு அடிப்படை. போகாது. சோம்பலான கதையைச் சோம்பலான கதை என்று சொன்ன பிறகும் அது சோம்பலான கதைதான்.

இதைக் கதையாகவே மாற்றிய ஒரு முன்மாதிரி உண்டு. 1997 பிப்ரவரியில் 'தி சிம்ப்சன்ஸ்' தன் 167ஆம் எபிசோடை ஒளிபரப்பி, 'தி ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்' வைத்திருந்த 166 என்ற எண்ணிக்கையைத் தாண்டியது. அந்த எபிசோடில், தேய்ந்துபோன ஒரு கார்ட்டூனைக் காப்பாற்ற நிர்வாகிகள் 'பூச்சி' என்ற புதிய நாயைச் சேர்க்கிறார்கள், ஹோமர் அதற்குக் குரல் கொடுக்கிறார், ரசிகர்கள் வெறுக்கிறார்கள். அதே நேரத்தில் சிம்ப்சன் வீட்டில் ராய் என்று ஓர் இளைஞன் எந்த விளக்கமும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான். நீண்ட நாள் ஓடும் தொடரின் பயம் முழுவதும் அதில் இருக்கிறது. ஆனால் அதில் ஹோமருக்கு உண்மையான அவமானம் நேர்கிறது. தன் பாத்திரத்துக்காகக் கெஞ்சுகிறார். அந்த அவமானத்தால்தான் எபிசோடு நிற்கிறது. பத்து ஆண்டு வரலாறு இல்லாத புதுத் தொடர் இதைத் தொடவே வேண்டாம்.

## ஒற்றைக் குணத்தை ஊதுவது

ஆறிலும் ஆபத்தானது இதுதான், ஏனென்றால் இது நடப்பது எழுதுகிறவருக்கே தெரியாது. ஒரு பாத்திரத்தின் பல குணங்களில் ஒன்று நன்றாகச் சிரிக்க வைக்கிறது. அடுத்த எபிசோடில் அதை இன்னும் கொஞ்சம் கூட்டுகிறோம். மூன்றாண்டில் அந்தக் குணம் மட்டும் மிஞ்சி ஆள் காணாமல் போகிறார். 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் நெட் ஃப்ளாண்டர்ஸ் தொடக்கத்தில் ஹோமர் பொறாமைப்படும் நல்ல அண்டைவீட்டுக்காரர். வீடு, பிள்ளைகள், பொறுமை எல்லாம் அவரிடம் சிறப்பாக இருந்தன. பக்தி அவற்றில் ஒன்று. போகப்போகப் பக்தி மட்டுமே மிஞ்சியது. ஆங்கிலத்தில் இந்த நோய்க்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

மக்கு அப்பா இதன் மிகப் பரவலான வடிவம். ஃப்ரெட் ஃப்ளின்ட்ஸ்டோன் தொட்டு எத்தனையோ அப்பாக்கள். முட்டாள்தனம் நகைச்சுவைக்குத் தாராளமாகத் தீனி போடும். அதற்கு எதிர்ப்பக்கம் ஏதாவது இருந்தால்தான் அது ஓர் ஆளாகும். 1995இல் வந்த ஓர் எபிசோடைச் சொல்கிறேன். ஹோமர் அணுமின் நிலைய வேலையை விட்டுவிட்டு, தனக்குப் பிடித்த, பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பவுலிங் கூடத்தில் வேலை செய்கிறார். மூன்றாவது குழந்தை வரப்போகிறது. அந்தச் சம்பளம் போதாது. முதலாளியிடம் மண்டியிட்டுத் திரும்புகிறார். நீ என்றென்றும் இங்கேதான் என்று நினைவூட்டும் பலகை ஒன்று அவர் மேசைக்கு எதிரே மாட்டப்படுகிறது. அந்த மூன்றாவது குழந்தையான மேகியின் படங்கள் ஏன் வீட்டு ஆல்பத்தில் இல்லை என்ற கேள்விக்குக் கடைசிக் காட்சியில் விடை வருகிறது. எல்லாப் படங்களையும் ஹோமர் அந்தப் பலகை மேல் ஒட்டியிருக்கிறார். மறைந்த எழுத்துகள் போக மிஞ்சிய எழுத்துகள், அவளுக்காக இதைச் செய் என்று படிக்கக் கிடைக்கின்றன. அதே முட்டாள் அப்பாதான். ஒரு வார்த்தை பேசவில்லை.

'ஸ்பாஞ்ச்பாப் ஸ்கொயர்பேன்ட்ஸ்' தொடரின் முதல் பருவத்தில் ஸ்க்விட்வர்ட் எப்போதும் சிடுசிடுப்பவர். ஆனால் 1999ஆம் ஆண்டு எபிசோடு ஒன்றில், அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த பீட்சாவை வாடிக்கையாளர் மறுத்து ஸ்பாஞ்ச்பாபை அழவைத்ததும், அந்தச் சிடுமூஞ்சி கதவைத் தட்டி அதே பீட்சாவை அந்த ஆளின் முகத்தில் வீசிவிட்டு வருகிறார். இப்படி ஒரு கணம் இருந்தால் இருபது எபிசோடு சிடுசிடுப்பைத் தாங்கலாம். பிந்தைய பருவங்களில் எந்தத் தவறும் செய்யாமலே ஸ்க்விட்வர்ட் அடிபடத் தொடங்கியபோது எனக்கு மனம் கனத்தது. அங்கே பாத்திரம் போய் வெறும் இலக்கு மட்டும் மிஞ்சியிருந்தது.

## யாருக்கு எது

சின்னக் குழந்தைகளுக்கான, ஏறத்தாழ பத்து நிமிட எபிசோடுகள், பல நாடுகளுக்கு விற்கும் எண்ணம்: அடியும் விழுதலும் முதலிடம். வரைகிறவர்களின் நேரத்துக்குத்தான் பணத்தை ஒதுக்க வேண்டும். துணைக்கு வசனம் சாராத ஒரு பல்லவி போதும்.

குடும்பத்தோடு பார்க்கும் 22 நிமிடத் தொடர், தொடர்ந்து போகும் கதை: பல்லவியையே நம்புங்கள். முதல் பருவத்தில் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் எந்த எபிசோடில் உடையும் அல்லது மாறும் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே குறித்து வையுங்கள். இடைச்செருகலை ஒரே ஒரு பாத்திரத்துக்கு மட்டும் கொடுங்கள்.

பெரியவர்களுக்கான, எபிசோடுக்கு எபிசோடு தொடர்பில்லாத தொடர்: இடைச்செருகலும் கேலியும் செல்லும். வடிவமைப்புப் பிரிவிடம் எபிசோடுக்கு எத்தனை புதிய பின்னணி முடியும் என்று முதலில் கேட்டு, அந்த எண்ணுக்குள் எழுதுங்கள்.

ஏற்கெனவே மூன்று நான்கு பருவம் ஓடிவிட்ட தொடரில் வந்து சேர்ந்திருக்கிறீர்கள் என்றால், புதிய வேடிக்கை தேடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் முதல் பருவத்தில் என்னென்ன குணங்கள் இருந்தன என்று பழைய எபிசோடுகளைப் பார்த்துப் பட்டியல் போடுங்கள். கடைசிப் பருவத்துக்கும் அதே பட்டியல் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். எந்தப் பாத்திரத்தின் பட்டியல் மிகவும் சுருங்கியிருக்கிறதோ, அடுத்த எபிசோடை அவரை வைத்து எழுதுங்கள். அதில் அவருடைய வழக்கமான வேடிக்கை ஒருமுறைகூட வர வேண்டாம்.